சும்மா விட்ட கரை

எங்கள் ஆற்றை ஆறு என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். மாரியில் அது ஆறுதான், ஆடு மாட்டை இழுத்துக்கொண்டு போகும். வைகாசி, ஆனியில் வந்து பார்த்தால் செருப்பு நனையாமல் அக்கரைக்குப் போகலாம். அங்கொன்று இங்கொன்றாக மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீனெல்லாம் அதற்குள் ஒதுங்கி, வராத பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் சனங்களைப் போல அடுத்த மழைக்குக் காத்து நிற்கும்.

விசுவமடுவுக்கும் தர்மபுரத்துக்கும் இடையில் அந்த ஆற்றங்கரையில் எனக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அதைவிட மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் என் வயலைப் பார்த்த எவரும் என்னைப் படிக்காதவள் என்று சொன்னதில்லை. வரம்பு அப்படி இருக்கும். கணவர் போன பிறகு வயல் காடாகிவிடும் என்று சொந்தக்காரர் சிலர் காத்திருந்தார்கள். அவர்களை ஏமாற்றுவதற்காகவே நான் வரம்பைச் செதுக்கிச் செதுக்கி வைத்தேன். வரம்பில் ஒரு புல் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. பாய் இல்லாமல் அதில் படுக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். ஒருவரும் படுத்துப் பார்க்கவில்லை, நான் விட்டிருக்கவும் மாட்டேன்.

எனக்குக் கீழ்ப்பக்கத்து வயல்காரர் மலைநாட்டிலிருந்து வந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மனைவியையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டு வந்து, காடு வெட்டி, வயலாக்கி, எங்களோடு எங்களாகிவிட்டார். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். தேயிலை மலையில் பிறந்த மனிதருக்கு மீன் மேல் அப்படியொரு ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எந்த மடுவில் எத்தனை விரால் நிற்கிறது, எது போன வருடம் தப்பியது, எது இந்த வருடம் குஞ்சு பொரித்தது என்றெல்லாம் சொல்லுவார். தூண்டிலும் கையுமாகத்தான் திரிவார். பிடிப்பது குறைவு, கதை கூட. சின்ன மீன் அகப்பட்டால் அதற்கு இரண்டு புத்தி சொல்லித் திரும்பத் தண்ணீரில் விடுவார்.

ஒருநாள் அவர் என் முற்றத்துக்கு ஒரு செத்த விராலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை நீளம் இருக்கும். வயிறு வெள்ளையாக ஊதியிருந்தது. மடுவில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு மிதக்கிறதாம்.

“பாருங்கக்கா, நம்ம அடிக்கிற மருந்துதான் இது.”

“உங்கட மருந்தெண்டு சொல்லுங்கோ தம்பி. என்ரை மருந்து என்ரை வரம்பைத் தாண்டிப் போகாது.”

அவர் விராலை என் தென்னையடியில் புதைத்துவிட்டுப் போனார். அந்தத் தென்னை அந்த வருடம் நன்றாகக் காய்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சண்டை நின்று, பாதை திறந்து, கொழும்பு லொறிகள் வரத் தொடங்கிய காலம். ஊரில் நாளுக்கொரு கூட்டம் நடக்கும். கிணற்றுக்கு ஒரு கூட்டம், கோழிக்கு ஒரு கூட்டம், கக்கூசுக்கு மூன்று கூட்டம். அந்த வரிசையில் ஆற்றுக்கும் ஒரு கூட்டம் வந்தது. கிளிநொச்சியிலிருந்து ஒரு பெண்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து பொதுநோக்கு மண்டபத்தில் பேசினாள். கொழும்பில் ஒரு அரிசிக் கம்பனியும், வெளிநாட்டு உதவியில் நடக்கும் ஒரு தொண்டு நிறுவனமும், எங்கள் விவசாயச் சங்கமும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றனவாம். ஆற்றையும் மீனையும் கெடுக்காமல் விளைவிக்கும் நெல்லுக்கு ஒரு முத்திரை கொடுப்பார்களாம். வட்டத்துக்குள் ஒரு மீன், மீனுக்கு மேல் ஒரு நெற்கதிர். அந்த முத்திரை குத்திய அரிசியைக் கம்பனி நல்ல விலைக்கு எடுக்குமாம். இனி நெல்லை விதைப்பதா மீனை விதைப்பதா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அவள் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

சொன்ன விதிகள் விளங்காதவை அல்ல. வயலுக்கு நஞ்சு அடிக்கக்கூடாது. மருந்து மெஷினை ஆற்றில் கழுவக்கூடாது. ஆற்றை மறித்து மீன் பிடிக்கக்கூடாது. கரையோரம் இருபது அடி அகலத்துக்குப் புல்லையோ பற்றையையோ மரத்தையோ தொடக்கூடாது. மீன் முட்டையிடுவதும் குஞ்சுகள் ஒளிப்பதும் அந்தப் புல்லடியில்தானாம். அந்த இருபது அடிக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள்: “பாதுகாப்பு வலயம்.” எங்கள் சனத்துக்குப் பாதுகாப்பு வலயம் என்றால் என்னவென்று தெரியும். யாழ்ப்பாணத்தில் ஆமி அந்தப் பெயர் வைத்த இடத்துக்குள் வீடு வளவு உள்ளவர்கள், தங்கள் கிணற்றைத் தூரத்தில் நின்றும் பார்க்க முடியாமல் இருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் எழுந்து, தான் வயலைக் கொடுக்க வரவில்லை, கூட்டம் பார்க்கத்தான் வந்தவர் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவரைத் திருப்பிக் கூட்டிவர அரை மணித்தியாலம் பிடித்தது. அதன் பிறகு அந்தப் பெயர் எடுபடவில்லை. சும்மா கிடக்கிற கரை என்பதால் ஊர் அதைச் சும்மாக்கரை என்றது. கடைசியில் அந்தப் பிள்ளையும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்.

முத்திரை ஆளுக்கொன்றாகக் கிடைக்காது. மேலே பாலத்திலிருந்து கீழே அணைக்கட்டுவரை கரையோரம் வயல் உள்ள பதினொரு பேருக்கும் சேர்த்துத்தான். சும்மாக்கரை ஓரிடத்திலும் அறாமல் இருக்க வேண்டும். மூன்று மாரிக்கு மூன்று காலபோகம் இப்படி நடந்தால், மூன்றாவதில் ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொடுப்பார். ஓரிடத்தில் பிழை வந்தாலும் எல்லாருக்கும் திரும்ப முதலிலிருந்து மூன்று வருடம்.

கீழ்வயல் தம்பி முதலாவதாகக் கை உயர்த்தினார். அவர் உயர்த்திய பிறகு நான் உயர்த்தாமல் இருக்க முடியுமா? இரண்டாவது கை என்னுடையது. முதலாவதாக உயர்த்தியிருக்கலாம் என்ற கவலை எனக்குக் கனகாலம் இருந்தது.

முதல் வருடம் விளைச்சல் குறைந்தது. இரண்டாம் வருடம் அறக்கொட்டி விழுந்தது. அது நெல்லின் அடியில் இருந்து சாற்றைக் குடிக்கும் பூச்சி. அது விழுந்த வயல் தீப்பட்டது போல வட்டம் வட்டமாகக் கருகும். வீதிக்கு அந்தப் பக்கம் மருந்து அடித்தார்கள், நெல் தப்பியது. இந்தப் பக்கம் நாங்கள் சாம்பலும் வேப்பங்கொட்டைத் தண்ணீரும் தெளித்துவிட்டுக் கடவுளைப் பார்த்தோம். எனக்கும் போனதுதான், நான் வெளியில் சொல்லவில்லை. கீழ்வயல் தம்பிக்குப் பாதி வயல் போய்விட்டது.

அவருடைய மனைவி வாய் திறந்து ஏசாதவள். அந்த வருடம் ஏசினாள். மீனுக்குச் சோறு போடப்போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு இல்லாமல் போகப்போகிறது என்று வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்படிதான் ஏசினாள். மூன்றாம் வருடம் முத்திரை வந்தால் சரி. வராவிட்டால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் கூலிக்குப் போவது என்று முடிவாகியது. இதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். தம்பி என்னிடம் விரால் பற்றி மட்டும்தான் கதைப்பார்.

மூன்றாம் வருடம் நல்ல மழை. பூச்சி இல்லை. நான் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்திருந்தேன், பயிர் கரும்பச்சையாக நின்றது. ஆனால் என் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் சும்மாக்கரை கிடந்த கிடையை என்னால் பார்க்க முடியவில்லை. ஆளுயர நாணல், அதற்குள் கோரை, அதற்குள் தாழம்பற்றை, மருதமரத்தில் ஏறிக் கிடக்கும் கொடி. வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்ப்பது போலவே எனக்குத் தோன்றும். மனுசி கைவிட்டுவிட்டாள் என்று அவர்கள் நினைப்பது எனக்குக் காதில் கேட்கும். பதினொரு பேருடைய கரையும் அப்படித்தான் கிடந்தது. எனக்கு என்னுடையதுதான் கண்ணில் பட்டது.

பொங்கல் முடிந்த கிழமை, வியாழக்கிழமை பரிசோதகர் வருகிறார் என்று அந்தப் பிள்ளை சொல்லி அனுப்பினாள். கீழ்வயல் தம்பி வவுனியாவில் மகள் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் நின்றிருந்தால் நடந்தது நடந்திராது. ஆகவே பிழையில் கொஞ்சம் அவருக்கும் உண்டு என்று நான் பிறகு சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

கொழும்பில் படித்த ஒரு மனிதர், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, பையைக் கொட்டிக் காட்டி, இவ்வளவு தூரம் என் வயலைப் பார்க்க வருகிறார். வருகிறவருக்குக் காட்டையா காட்டுவது? வீட்டுக்கு ஆள் வந்தால் முற்றம் கூட்டுகிறோம். கோயிலுக்குக் கொடி ஏறினால் வீதியைச் செதுக்குகிறோம். செவ்வாய்க்கிழமை காலை நான் இரண்டு பெண்களைக் கூலிக்குப் பிடித்து, காட்டுக்கத்தியைத் தீட்டிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இதை வெட்டக்கூடாது என்று சொன்னார்கள் அல்லவா என்று அதில் ஒருத்தி கேட்டாள். கேட்டது உண்மை. வெட்டவேண்டாம் என்று அந்தப் பிள்ளை மூன்று வருடத்தில் முப்பது தடவை சொல்லியிருப்பாள். ஆனால் நான் அதை ஒரு உபசாரமாக எடுத்திருந்தேன். கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் “ஒண்டும் கொண்டு வரவேண்டாம், வந்தால் காணும்” என்பார்கள். அதற்காக வெறுங்கையோடு போகிறோமா? வெட்டவேண்டாம் என்பது சோம்பேறிகளின் மனம் நோகாமல் இருக்கச் சொன்ன சொல், முடிந்தவள் வெட்டினால் சந்தோசப்படுவார்கள் என்று நம்பினேன். நஞ்சுதான் கூடாது, கத்தி நஞ்சில்லையே என்று அவளுக்குச் சொன்னேன். அவள் கூலிக்கு வந்தவள், மேற்கொண்டு வாதாடவில்லை.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நாணல் அடியோடு போனது. தாழையை வெட்டிக் குவித்தோம். கரை முழுவதும் புதிதாகச் சவரம் செய்த மாப்பிள்ளை முகம் போல வந்தது. தண்ணீர் விளிம்பில் நின்று பார்த்தால் என் வரம்பு நேர்கோடாகத் தெரிந்தது. அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

புதன்கிழமை பின்னேரம் தம்பி வந்தார். பஸ்ஸால் இறங்கி, பையோடு நேரே வரம்பால் வந்தார். நான் கரையில்தான் நின்றேன், பாராட்டை வாங்குவதற்காக. அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பையைக் கீழே வைத்தார். பிறகு தண்ணீர் ஓரம் போய்க் குந்தி, வெட்டிய நாணல் கட்டைகளைக் கையால் தடவினார்.

“என்ன தம்பி, கதையைக் காணேல்லை? நல்லா இருக்கோ?”

“அக்கா, மூணு வருசமா எங்க வீட்டுக்காரிகிட்ட நான் ஏச்சு வாங்கினது இந்தப் புல்லுக்குத்தான்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் இரண்டு மடங்கு போட்டிருப்பேன். எனக்கு அது கைவந்தது. அவர் இதைக் குந்தியிருந்தபடி, தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்தப் பிள்ளை அன்று மாலையே வந்தாள். கரையைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை நிறுத்த மறந்து வரம்பில் விட்டாள். நல்ல வரம்பு, ஒன்றும் ஆகவில்லை. வரைபடத்தை விரித்து எங்களுக்குக் காட்டினாள். பதினொரு வயலின் சும்மாக்கரையும் பச்சை நிறத்தில் நீளமாக ஓடியது. நடுவில் என்னுடையது. அது இல்லாவிட்டால் மேலே ஐந்து பேர், கீழே ஐந்து பேர், இடையில் பல்லு விழுந்த வாய்.

“நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லேலாது அம்மா, அவர் கிளிநொச்சிக்கு வந்திட்டார். நான் உங்களுக்கு எத்தனை தரம் சொன்னனான்?”

“சொன்னனீங்கள்தான் பிள்ளை. இவ்வளவு உண்மையாச் சொல்லுறீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எது முதலில் என்று சொல்ல முடியாது.

சங்கத்தில் ஒருவர்தான் யோசனை சொன்னார். வெட்டிய நாணல் குவியலாகக் கிடக்கிறது, அதைத் திரும்பக் குத்தி நட்டுவிட்டால் என்ன? ஒரு காலைப்பொழுது நின்றால் போதும், வருகிறவர் அரை மணித்தியாலம்தானே நிற்பார். அந்தப் பிள்ளை இது காதில் விழாதவள் போல ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நட்டவர்கள் நான்கு பேர். அதில் முன்னுக்கு நின்றவர் கீழ்வயல் தம்பி. அலவாங்கால் குழி போட்டு, ஒவ்வொரு நாணலாக எடுத்து, மண்ணை அணைத்து நட்டார். சின்ன மீனுக்குப் புத்தி சொல்லித் தண்ணீரில் விடுகிற மனிதர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு பொய் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, மீனின் நீளத்தைத் தவிர. அந்த மனிதர் என் கரையில் குந்தியிருந்து பொய்யை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார். நான் பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். பனங்கட்டி கடிக்க என் பல்லுக்கு வயது போதாது என்று எப்போதும் ஒரு பகிடி விடுவார். அன்று விடவில்லை.

வியாழக்கிழமை வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தேன். நட்ட நாணல் எல்லாம் தலை தொங்கி, கலியாண வீட்டில் கூடக் குடித்தவர்கள் ஒருவரில் ஒருவர் சாய்ந்து நிற்பது போல நின்றன. எனக்கு என்னில்தான் கோபம் வந்தது. என் கையால் வெட்டியதற்கு இன்னொருவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒரு முனையிலிருந்து பிடுங்கத் தொடங்கினேன். ஒன்று விடாமல் பிடுங்கி வரம்பில் அடுக்கினேன். தம்பி வந்து பார்த்தபோது கரை திரும்பச் சவரம் செய்த மாப்பிள்ளையாகியிருந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டார்.

பரிசோதகர் வந்தார். சப்பாத்துக் கால், தொப்பி, கழுத்தில் தூரத்தைப் பார்க்கிற ஒரு நீளக் கண்ணாடி. நாங்கள் எதிர்பார்த்தது போல வெள்ளைக்காரரும் இல்லை, சிங்களவரும் இல்லை. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது பிள்ளை வயதில் குடும்பத்தோடு போய், புத்தளத்தில் வளர்ந்து, கொழும்பில் படித்தவராம். ஐந்து வயலைப் பார்த்துவிட்டு என் கரைக்கு வந்தவர் நின்றார். புத்தகத்தைத் திறந்தார், மூடினார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். பின்னால் சங்கத்து ஆட்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், மழை வருமா என்று.

“நான்தான் வெட்டினனான்,” என்றேன். “முந்தநாள். கத்தியால. நீங்கள் வாறீங்கள் எண்டுதான் துப்புரவாக்கினனான். இவையள் ஒருத்தருக்கும் தெரியாது. நஞ்சு அடிக்கேல்லை, நெருப்பு வைக்கேல்லை. பிழை எனக்கு மட்டும்தான், என்ரை பேரை மட்டும் வெட்டிவிடுங்கோ.”

அவர் தொப்பியைக் கழற்றினார். “நான் வாறேன் எண்டா வெட்டினீங்க?”

“ஓம். ஆள் வரேக்கை குப்பையாக் கிடந்தால் எங்களுக்குத்தானே வெட்கம்.”

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியதைக் கண்டேன். திரும்பியபோது முகத்தில் சிரிப்பை அடக்கிய அடையாளம் இருந்தது. தன்னுடைய உம்மா இருந்திருந்தால் அவவும் இதைத்தான் செய்திருப்பா என்றார். பிறகு அடையாளத்தை அழித்துவிட்டு, உத்தியோகத்தருக்குரிய குரலில், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். விதி விதிதான். தண்ணீருக்கும் பயிருக்கும் நடுவில் இருபது அடி தொடாத நிலம் அறாமல் இருக்க வேண்டும், இங்கே அது இல்லை. என்னை மட்டும் வெட்டிவிடவும் முடியாது, வெட்டினால் நடுவில் அறுந்துபோகும்.

தம்பி வரம்பில் இருந்து எழும்பவில்லை. அவருடைய மனைவி தூரத்தில் தங்கள் வயல் மூலையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் நிலத்தை அளக்கத் தெரியும். இருபது அடி கரையில்தான் இருக்கவேண்டுமா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. நான் என் வயலைக் காட்டினேன். கரைக்கு அடுத்த பாத்திகளில் மொட்டைக்கறுப்பன் பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது.

“கரையோடை சேர்த்து, உள்ளுக்கு நெல்லிலை இருபது அடி விட்டுவிடுறன். அதை இனித் தொடமாட்டன். அதையும் சும்மாக்கரையாய் எழுதுங்கோ. நெல்லும் புல்லுத்தானே.”

அவர் நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விட்டால் விட்டதுதான், பிறகு களை எடுக்கவும் முடியாது, தண்ணீர் வடிக்கவும் முடியாது, விளைந்தால் அறுக்கவும் முடியாது என்றார். வரம்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விட வேண்டும் என்றும் சொன்னார். வரம்பை வெட்டுவது என்று அவர் வாயால் சொன்னதும் நான் ஒருதரம் அதைத் திரும்பிப் பார்த்தேன். ஓம் என்றேன்.

“புல்லுக்குப் பேர் கேட்டு மீன் உள்ள போறதில்லத்தான்,” என்று சொல்லிவிட்டு அவர் எழுதத் தொடங்கினார். மாசி முடிய, அறுவடைக்குப் பிறகு திரும்ப வருவாராம். அந்தத் துண்டில் ஒரு கதிர் அறுபட்டிருந்தாலும் பதினொரு பேருக்கும் முத்திரை இல்லை.

அவர் போனதும் தம்பி மண்வெட்டியோடு வந்தார், வரம்பை வெட்ட. நான் வாங்கி நானே வெட்டினேன். பல வருடம் அணைத்துக் கட்டிய வரம்பு, இரண்டு வெட்டில் திறந்தது. ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக உள்ளே வந்தது.

அதன் பிறகு வந்த ஒன்றரை மாதத்தை நான் எந்தக் கோயில் விரதத்தோடும் ஒப்பிடமாட்டேன், விரதம் லேசு. அந்தத் துண்டில் கோரை முளைத்தது. நெற்சப்பிக் களையும் முளைத்தது. நான் வரம்பில் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பேன். நெல் விளைந்து, மஞ்சளாகி, தலை சாய்ந்தது. மற்ற வயலெல்லாம் அறுத்தார்கள், நானும் மற்றப் பக்கத்தை அறுத்தேன். அந்தத் துண்டு மட்டும் நின்றது. விளைந்த நெல்லை அறுக்காமல் விடுவது எங்களுக்குள் பாவம். கதிர் பொறுக்க வந்த பெண்கள் அதைக் கண்டு, கிழவிக்குத் தலை பிழைத்துவிட்டது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நான் பொல்லோடு காவல் இருந்தேன். ஆட்டைத் துரத்தினேன், மாட்டைத் துரத்தினேன், பொறுக்க வந்தவர்களையும் துரத்தினேன். சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்தி, அம்மா களைக்குக் காவலோ என்று கேட்பார்கள். ஓம், நல்ல இனக் களை, விதைக்கு வேண்டுமா என்று கேட்பேன்.

கிளிகளை மட்டும் துரத்தவில்லை. கிளி தின்னக்கூடாது என்று விதியில் இல்லை.

ஒருநாள் தம்பி வந்து மெல்லக் கூப்பிட்டார். என் நெல்லுத் துண்டுக்குள், வெட்டிய வரம்பின் ஓரம், விரால் குஞ்சுகள் சிவப்பாக ஒரு கூட்டம் நிற்கிறதாம், தாய் கீழே காவல் நிற்கிறதாம். நானும் குந்திப் பார்த்தேன். கலங்கல் தண்ணீரும் அவர் கட்டியிருந்த சாரத்தின் கரையும் தெரிந்தன. நிற்குது, நிற்குது என்று அவர் விரலை நீட்டிக்கொண்டே இருந்தார். ஓம் நிற்குது என்றேன். அவ்வளவு கஷ்டப்பட்ட மனிதருக்கு அதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி?

பரிசோதகர் சொன்னபடி வந்தார். உதிர்ந்து, சாய்ந்து, கோரை மூடி, கிளி தின்று மிச்சம் கிடந்த அந்தத் துண்டை நடந்து பார்த்தார். என் வாழ்க்கையில் என் நிலம் அவ்வளவு அலங்கோலமாகக் கிடந்ததில்லை. இதுதான் பதினொன்றிலும் நல்ல கரை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், சந்தோசப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல்.

முத்திரைக் கடதாசி பதினொரு பேருக்கும் வந்தது. தம்பி அதற்குக் கண்ணாடி போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கொழுவினார். அவருடைய மனைவி அதற்கும் விபூதி பூசினாள். அந்த வருடம் லொறி வந்து, மீன் படம் போட்ட சாக்கில் எங்கள் அரிசி கொழும்புக்குப் போனது. வயலைக் குத்தகைக்குக் கொடுக்கிற கதை அதோடு நின்றது.

அடுத்த வருடம் திரும்பச் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். லொறியும் இல்லை, கம்பனியும் இல்லை. அச்சடித்த சாக்குகள் சங்கத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. முத்திரை குத்திய அரிசியை நாங்களே குத்தி, நாங்களே அவித்து, நாங்களே தின்றோம். சும்மாக்கரையை ஒருவரும் வெட்டவில்லை, மருந்தும் ஒருவரும் அடிக்கவில்லை. மருந்து வரவில்லை என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் தம்பிக்கு முன்னால் அதைச் சொல்லக்கூடாது.

எனக்கு அந்தத் துண்டின் நெல் இல்லை என்று கணக்குப் பார்த்து, அவரும் மனைவியும் ஒரு கடகம் அரிசி கொண்டு வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். அவர்கள் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு, கடகத்தைக் குசினிக்குள் வைத்துவிட்டார்கள். அன்றே அவித்து மூன்று பேரும் சாப்பிட்டோம். தம்பி முதல் வாயை வைத்துவிட்டு, இது கொழும்பில் பெரிய மனிதர்கள் சாப்பிட வேண்டிய சோறு என்று ஒவ்வொரு சோற்றையும் மரியாதையாக மென்றார். என் பல்லில் ஒரு கல் கடிபட்டது. எடுத்துச் சோற்றுக் கோப்பையின் கரையில் வைத்தேன்.

“மீனைப் பற்றி இவ்வளவு விதி எழுதினவை, கல்லைப் பற்றி ஒண்டும் எழுதேல்லைப் போல.”

தம்பி குனிந்து அந்தக் கல்லைக் கவனமாகப் பார்த்தார்.

“அது ஆத்துக் கல்லுக்கா,” என்றார். “அதையும் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு. நீங்க எங்க வாசிச்சீங்க.”